மரத்தரைக்கு ஸ்டெயின் கலப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டு அலங்கார இணைப்பில் அண்மையில் வெளிவந்த மரத்தரை பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆயத்தமாகக் கிடைக்கும் நிறங்கள் பிடிக்காவிட்டால் மரத்துக்கு நிறம் ஏற்றும் திரவமான ஸ்டெயினில் இரண்டு டப்பா வாங்கி விருப்பம்போல் கலந்து பூசிக்கொள்ளலாம் என்று அதில் ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக மரத்தரைகளைத் தேய்த்து, நிறம் ஏற்றி, மெருகிடும் வேலையைச் செய்துவருபவன் நான். அந்த ஒரு வரியை நம்பி வேலையில் இறங்கியவர்களின் தரைகளைப் பிறகு சுரண்டி எடுத்துச் சரிசெய்யும் பொறுப்பும் பலமுறை எனக்கு வாய்த்திருக்கிறது. கலக்கலாம் என்பதில் தவறில்லை. என் வேலைகளில் பாதிக்கு நானே கலந்துதான் பூசுகிறேன். ஆனால் கலந்ததை அந்தத் தரையின் மீதே தடவி, அதன்மேல் இடப்போகும் மேல்பூச்சையும் இட்டுப் பார்த்து, திருப்தியான அளவைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே முழு வேலையையும் தொடங்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதம்.

பெயிண்ட் மரத்தை மூடிவிடும். அடியில் இருப்பது தேக்கா பைனா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஸ்டெயின் அப்படி மூடுவதில்லை. அது மரத்துக்குள் இறங்கி, மரத்தின் இயல்பான நிறத்தைத் தன் வழியே காட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு டப்பாக்களைக் கலப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர் உண்மையில் மூன்று நிறங்களைக் கலக்கிறார். மூன்றாவது அவர் காலடியில் கிடக்கிறது. ஒரே வாளியிலிருந்து எடுத்த கலவையை வெள்ளை ஓக், சிவப்பு ஓக், மேப்பிள் ஆகிய மூன்று பலகைகளில் தடவிப் பாருங்கள். வெள்ளை ஓக்கில் அமைதியான பழுப்பாகத் தெரிவது, சிவப்பு ஓக்கில் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாகத் தெரியும். ஓக்கின் பெரிய துளைகளில் நிறத்துகள்கள் போய்த் தங்குவதால் ரேகைகள் கோடு கிழித்தாற்போல் எடுப்பாக நிற்கும். மேப்பிளிலோ துளைகள் மிக நுண்ணியவை, உறிஞ்சும் தன்மையும் இடத்துக்கு இடம் மாறுபடும், எனவே அதே கலவை அங்கே திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பைனும் பிர்ச்சும் இவ்வகையே. கடையில் தரும் நிற அட்டையில் காட்டியிருப்பது ஏதோ ஒரு மரத்துண்டில், ஏதோ ஒரு தேய்ப்பில் கிடைத்த நிறம். நம் தரை அந்த மரத்துண்டு அல்லவே.

சிவப்பு ஓக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கலக்க வேண்டிய தேவை அதில்தான் அதிகம் வருகிறது. ஒரு வீட்டில், செம்மை சிறிதும் தலைகாட்டாத மண்பழுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். அட்டையில் அப்படித் தெரிந்த ஸ்டெயினைத் தரையில் தடவினால் செங்கல் கழுவிய நீர் காய்ந்தது போல் இருந்தது. வீட்டுக்காரர், இன்னும் கரும்பழுப்பைச் சேர்த்துப் பாருங்கள் என்றார். சேர்த்தேன். நிறம் இருண்டது, செம்மை அப்படியே உள்ளே இருந்தது, இருட்டிய செங்கல் ஆனது, அவ்வளவே. செம்மையை அமுக்க இருட்டு உதவாது. அதற்கு எதிர் நிறமான பச்சை வேண்டும். வண்ணச் சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே இருப்பது பச்சை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பல் கலந்த பழுப்பை நோக்கிப் போகும். 200 மில்லி பழுப்பு ஸ்டெயினை எடுத்துக்கொண்டு, எண்ணெயோடு சேரக்கூடிய பச்சை நிறக்குழம்பை ஊசிக் குழாயால் 2 மில்லி விட்டுத் தடவினேன். செம்மை சற்றே தணிந்தது. 4 மில்லியில் கேட்ட மண்பழுப்பு வந்தது. ஆர்வக் கோளாறில் 6 மில்லி வரை போய்ப் பார்த்தேன். ஈரச் சுவரில் பாசி படர்ந்தது போலாகிவிட்டது. இடையில் இருந்த வேறுபாடு 2 மில்லி, சொட்டுக் கணக்கில் சொன்னால் நாற்பது சொட்டு. அந்த வீட்டுக்காரர் முதலில் பச்சை என்ற சொல்லைக் கேட்டதுமே பதறிவிட்டார். மூன்று கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு அவரே நடுக்கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

இதே முறையில், மஞ்சள் தூக்கலாக இருந்தால் ஊதாவின் சாயலும், ஆரஞ்சு தூக்கலாக இருந்தால் நீலத்தின் சாயலும் உதவும். ஆனால் நிறக்குழம்பை அளவுக்கு மீறி ஊற்றக்கூடாது. அதில் நிறம் உண்டே தவிர மரத்தோடு பிடித்துக் காயவைக்கும் பசைப்பொருள் போதாது. அதிகமானால் ஸ்டெயின் நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

எதை எதோடு கலக்கலாம் என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. எண்ணெய் வகையை எண்ணெய் வகையோடும், நீர் வகையை நீர் வகையோடும் மட்டுமே கலக்க வேண்டும். கூடியவரை ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். இரண்டு வகைகளையும் ஒன்றாக ஊற்றினால் திரிந்துபோகும்.

திரியாமல் நன்றாகவே கலந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஸ்டெயினில் நிறம் தருபவை பெரும்பாலும் நுண்ணிய கனிமத் துகள்கள். காவி மண்ணிலும் அம்பர் எனப்படும் கரும்பழுப்பு மண்ணிலும் உள்ள இரும்பு ஆக்சைடுகள் இவற்றுள் முக்கியமானவை. இவை எண்ணெயில் கரைவதில்லை, மிதந்துகொண்டிருந்து மெல்ல அடியில் படிந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்று கலந்து ஒரு நீளக் கூடத்துக்குப் பூசினேன். காலையில் ஒருமுறை கிளறியதோடு சரி. மாலைக்குள் கலவை தீர்ந்துபோக, வாசலோரம் ஏழெட்டுப் பலகைகள் மீதம் நின்றன. அதே இரண்டுக்கு ஒன்று என்று புதிதாகக் கலந்து முடித்துவிட்டு, குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் காலை, கிழக்குச் சன்னலின் வெயில் தரையில் சாய்வாக விழுந்தபோது, கூடம் மூன்று துண்டுகளாகத் தெரிந்தது. முதலில் பூசிய பகுதி வெளிறியிருந்தது; வாளியின் அடியில் தங்கிய துகள்களோடு பூசிய நடுப்பகுதி கறுத்திருந்தது; புதுக்கலவை இட்ட வாசலோரம் இரண்டிலும் சேராமல் தனியாக நின்றது. அளவு தவறவில்லை, டப்பாவும் மாறவில்லை. கிளறாததும், முழுத் தேவைக்கும் ஒரே வாளியில் கலந்து வைக்காததும் செய்த வேலை அது. கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று நாட்கள் முழங்காலில் நின்று முழுத் தரையையும் மறுபடி தேய்த்தேன்.

அன்றிலிருந்து தட்டையான கட்டையால் வாளியின் அடியைச் சுரண்டிக் கிளறாமல் துணியை நனைப்பதில்லை. வேலை நடக்கும்போதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவர் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தரையின் பரப்பைக் கணக்கிட்டு, டப்பாவில் அச்சிட்டுள்ள அளவைக் கொண்டு தேவையைக் கண்டு, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து, எல்லா டப்பாக்களையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுகிறேன். ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட டப்பாக்களுக்குள்ளேயே தயாரிப்புத் தொகுதிக்கு ஏற்பச் சிறு நிற வேறுபாடு இருக்கும். ஒரே வாளியில் சேரும்போது அது மறைந்துவிடும்.

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். மற்ற வேலைகளுக்கு அது எப்படியோ, நிறம் கலப்பதற்குப் பொருந்தாது. பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது மிக நுண்ணிய நிற வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும் அதே கண், நேற்றுப் பார்த்த நிறத்தை இன்று நினைவிலிருந்து எடுத்துத் தரச் சொன்னால் தடுமாறிப்போகும். எனவே அளவுக் குவளையும் ஊசிக் குழாயும் இல்லாமல் கலக்க உட்காரக் கூடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் எந்த ஸ்டெயின் எத்தனை மில்லி, எத்தனை நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தது, எந்த எண் உப்புத்தாளில் தேய்த்த தரை என்பவற்றை மாதிரிக் கட்டத்தின் பக்கத்திலேயே நாடா ஒட்டி எழுதி வைக்க வேண்டும். அளவுகளை எளிய விகிதத்தில் நிறுத்திக்கொள்வதும் நல்லது. மூன்றுக்கு ஒன்று என்பதைப் பத்து லிட்டருக்கும் பிழையின்றிப் பெருக்கலாம். ‘கொஞ்சம் கூட’ என்பதைப் பெருக்க முடியாது.

உப்புத்தாளின் எண்ணை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. 80 எண் தாளில் தேய்த்த மரம் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் நிறத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதையே 120 எண்ணில் இழைத்துவிட்டால் மேற்பரப்பு இறுகி, ஒரே கலவை ஒரு படி வெளிறித் தெரியும். தரையின் நடுவைப் பெரிய இயந்திரமும் சுவரோரத்தைச் சிறிய இயந்திரமும் தேய்ப்பதால், இரண்டும் விட்டுச்செல்லும் கீறல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதைச் சரிசெய்யாமல் நிறம் ஏற்றினால் அறையைச் சுற்றிலும் படத்துக்குச் சட்டம் போட்டது போல ஒரு பட்டை தெரியும். இதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. தேய்த்து முடித்த தரையை ஈரத்துணியால் சீராக ஒற்றியெடுத்து, நார்கள் எழும்பியபின் முழுவதும் காயவிடுவது. நீர் பட்டு நார் விரிந்த மரம் நிறத்தை ஆழமாகவும் ஒரேமாதிரியும் குடிக்கும். ஆனால் அப்படிச் செய்தால் மாதிரிக் கட்டத்தையும் அதேபோல் நனைத்துக் காயவைத்த இடத்தில்தான் போட வேண்டும்; உலர்ந்த மரத்தில் பார்த்த நிறத்தைவிட அது ஒரு சாயல் கூடுதலாக இருண்டுவிடும். எழும்பிய நார் மறுபடி அமுங்கிவிடாதபடி, ஸ்டெயின் போடும்வரை அதன்மேல் யாரும் நடக்கவும் கூடாது.

மாதிரி குறைந்தது ஓரடிக்கு ஓரடியாவது இருக்க வேண்டும், மூன்று நான்கு பலகைகளைத் தொட்டுச் செல்லவும் வேண்டும். ஒரே மரத்திலிருந்து வந்த பலகைகளிலும் வைரம் பாய்ந்த பகுதியும் வெளிர்ந்த பகுதியும் வெவ்வேறாகக் குடிக்கும். விரற்கடை அகலத்தில் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டு நிறத்தை முடிவுசெய்வது, ஒரு சொல்லைக் கேட்டு ஒரு மனிதரை எடைபோடுவதற்கு ஒப்பானது.

நிறம் காய்ந்தபின் மேல்பூச்சு இடாமல் முடிவெடுப்பதுதான் நான் காணும் தவறுகளில் மிகுந்த செலவு வைப்பது. காய்ந்த ஸ்டெயின் மங்கலாக, மாவு பூத்தது போல இருக்கும். மேல்பூச்சு ஏறியதும் ஆழம் கூடி இருளும். பாலியூரிதேன் என்ற மேல்பூச்சின் எண்ணெய் வகை, தேன்நிறச் சாயலை ஏற்றும், அந்தச் சாயல் ஆண்டுகள் செல்லச் செல்ல இன்னும் மஞ்சளாகும். நீர் வகைப் பூச்சு ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். பழுப்பு நிறங்களுக்கு இந்த வேறுபாடு பெரிய தீங்கு செய்வதில்லை. இன்று பலரும் விரும்பிக் கேட்கும் சாம்பல் நிறத்துக்கோ அது பகை. சாம்பலில் பெரும்பாலும் நீலச் சாயல் ஒளிந்திருக்கும். அதன்மேல் மஞ்சள் படர்ந்தால் என்ன ஆகும் என்பது வண்ணப்பெட்டி வைத்திருந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சாம்பல் தரை கேட்டவருக்குப் பச்சை படிந்த தரை கிடைக்கும். எனவே மாதிரிக் கட்டத்தில் பாதியின்மேல், பின்னர் இடப்போகும் அதே மேல்பூச்சை, இடப்போகும் அத்தனை கைகளும், அதாவது அத்தனை முறையும், போட்டுப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதையும் ஒரே வேளையில் முடித்துவிடக் கூடாது. காலை வெயிலில் ஒருமுறை, மங்கிய மாலையில் ஒருமுறை, வீட்டில் எரியும் விளக்கின் கீழ் ஒருமுறை. ஒரு வெளிச்சத்தில் ஒன்றேபோல் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது, வெவ்வேறு நிறப்பொருள்களால் ஆன கலவைகளுக்கு இயல்பு. பழைய அறையின் நிறத்துக்கு ஒப்பாகப் புதிய அறைக்குக் கலக்கும்போது இதுவே முதலில் காலை வாரிவிடும். கதவருகில் ஒரு கட்டமும் இருண்ட மூலையில் ஒரு கட்டமும் போட்டுவைத்தால் ஓரளவு தப்பலாம்.

கலவை சரியாக அமைந்தபின் தரையைக் கெடுக்கும் ஆசை ஒன்று உண்டு. நிறம் போதவில்லை என்று தோன்றினால், துடைக்காமல் அப்படியே காயவிட்டால் கூடுதலாக இருளும் என்று நினைப்பது. மரம் குடித்தது போக மேலே நிற்கும் ஸ்டெயின் மரத்தைப் பிடிப்பதில்லை. தோல் போல மேலேயே தங்கி, மேல்பூச்சையும் தன்னோடு சேர்த்துச் செதில் செதிலாக உரிந்துவரும். இரண்டாவது கை போட்டாலும் பயன் குறைவு. முதல் கையே துளைகளை அடைத்திருக்கும். இருள வேண்டுமானால் கலவையை இருட்டாக்க வேண்டும், அல்லது முன்பு சொன்னபடி மரத்தை நனைத்துக் காயவைக்க வேண்டும். ஒருவர் பூசப் பூச இன்னொருவர் பின்னாலேயே துடைத்துவருவதும், பலகையின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் போவதும் அவசியம். பாதியில் நின்று தொடர்ந்தால் ஈரமும் காய்ந்ததும் சந்திக்கும் இடத்தில் இரட்டைக் கோடு விழும். எண்ணெய் ஸ்டெயின் காய ஒரு முழு நாளாவது வேண்டும், ஈரப்பதம் மிகுந்த காலத்தில் அதற்கும் மேல். முழுதும் காயாத எண்ணெய்மேல் நீர் வகைப் பூச்சை இட்டால் அது ஒட்டாது.

மாதிரிகளுக்காக ஒரு நாள் செலவாகிறதே என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். சாமான்களை எல்லாம் ஒரே அறையில் அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருப்பவர்களின் அவதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு நாளைத் தர மறுப்பவரிடம் நான் கலந்த நிறத்துக்கு ஒப்புக்கொள்வதில்லை. டப்பா நிறத்தை அப்படியே பூசிக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறேன்.

இவை அனைத்தும் நிறத்தைப் பற்றியவை. தவறினால் தரையோடு போகும். கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று அப்படிப்பட்டதன்று. எண்ணெய் வகை ஸ்டெயினில் உள்ள ஆளிவிதை எண்ணெய் போன்றவை நீர் ஆவியாவதுபோல் உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தே இறுகுகின்றன, அப்போது வெப்பத்தை வெளியிடுகின்றன. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்துவிட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய், தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று நேர்ந்த பெருந்தீ இப்படித் தொடங்கியதுதான். 22ஆவது மாடியில் மரவேலைப்பாட்டுக்கு மெருகிட்டவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து பிறந்த அந்தத் தீ, தானியங்கி நீர்தெளிப்பான்கள் இருந்த 30ஆவது மாடியை எட்டிய பிறகே தடைபட்டது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். நிறம் கலந்து பார்ப்பவர் ஒரே நாளில் இருபது முப்பது துணிகளை நனைத்துவிடுவார் என்பதால், சாதாரணமாகப் பூசுபவரைவிட அவருக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. துணிகளைத் திறந்த வெளியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து விறைப்பாகும்வரை காயவிட வேண்டும். அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

அடுத்த வார இணைப்பில் கட்டுரையின் தொடர்ச்சி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். நிறம் கலப்பது பற்றிய மற்றச் செய்திகளுக்கு இடமில்லாவிட்டாலும், துணிகளைப் பற்றிய இந்த ஒரு குறிப்பைக் கட்டம் கட்டி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரத்தரை மெருகிடும் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்